இழை பிரிந்த காப்பு

சித்திரை வெயில் இன்னும் கூர்மை கொள்ளாத இளங்காலை. கீழ்வானின் செம்மை அல்சூர் ஏரியில் இறங்கிக் கலங்க, கரைக்கல்லில் ஆடை வெளுப்போர் அறையும் ஓசை எதிர்க்கரை சென்று மீள, வெள்ளையர் படை கூடாரம் பெயர்த்துப் போனபின் பூட்டிக் கிடந்த நெடுங்கொட்டடிகளின் ஓட்டுக்கூரை மேல் புறாக்கள் குடியேறிக் குறுகுறுக்க, பெங்களூர் மாநகர் கண்விழித்துக்கொண்டிருந்தது. இந்நகரைப் புகழ்வோர் அதன் பூங்காக்களையும் குளிர்காற்றையும் புகழ்வர். படிக்கும் பெரியீர், நாம் செல்ல வேண்டிய இடம் அதுவன்று. புகைவண்டி நிலையத்தை ஒட்டிய சரக்குக் கொட்டகை. அங்கே காற்றில் மணப்பது பூவன்று. சாக்கும் மிளகாயும் மாந்தர் வியர்வையும்.

அக்கொட்டகையில் மூட்டை சுமந்து வாழ்ந்தவன் பச்சைமுத்து. பனையடி போன்ற கழுத்தும், சும்மாடு அழுத்தி அழுத்தி உச்சியில் மயிர் உதிர்ந்த தலையும் உடையவன். அத்தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியிலிருந்து எடுத்த மூட்டை கிடங்கு சேரும்வரை தரை தொடாது. ஒருவன் தளர்ந்தால் அடுத்தவன் தன் தலையை நீட்டுவான். யார் தலை என்று எவரும் பார்ப்பதில்லை.

அவன் மனைவி எல்லம்மாவின் முதலிரு பிள்ளைகளும் பல் முளைக்குமுன் மண்ணுக்குப் போயின. மூன்றாவது வயிற்றில் ஆறு மாதம் கடந்ததும் அவள் அல்சூர்ப் பேட்டை அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். ஒகேனக்கல்லில் முகந்த காவிரி நீர் கால்நடையாக வந்து, திருவிழா வெள்ளியன்று அம்மன் தலையில் விழவேண்டும். விழும்வரை அவள் நாவில் உப்புப் படாது. வெள்ளி தவறினால் அடுத்த ஆண்டுத் திருவிழா வரை உப்பில்லை. உப்பின்றிச் சில நாளிலேயே அவள் வாழைத்தண்டு போல் வெளுத்திருந்தாள். நீர் கொணரும் முறையும் கடுமையானது. குடம் மண்ணிலோ கல்லிலோ மரத்திலோ படலாகாது. உயிருள்ள உடம்பின் மேலேயே இருக்கவேண்டும். தொடுவோர் கையில், மஞ்சள் தோய்த்த இழைகள் பலவற்றை முறுக்கிய காப்புக் கயிறு இருக்கவேண்டும். ஆகவே கணவனும் அவள் தம்பி முனிராஜும் காப்புக் கட்டிக்கொண்டு புறப்பட்டனர்.

"ஒரு செம்பு தண்ணி போதும்யா," என்றார் பூசாரி பெருமாள்சாமி. அவர் பகலில் கொத்தனார். சுமையின் அருமை அறிந்தவர்.

"மூட்டை தூக்கறவன் செம்பு தூக்கினு வந்தா பேட்டையே சிரிக்காதா?" என்று சொல்லி, பச்சைமுத்து பெரிய பித்தளைக் குடத்தையே எடுத்துக்கொண்டான். சுமையையே பெருமையாக எண்ணிப் பழகியவர் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது.

ஒகேனக்கல்லில் நீர் முகந்து, குடத்தின் வாயில் வேப்பிலை செருகி, மஞ்சள் துணியால் இறுகக் கட்டி, அஞ்செட்டிக் காட்டுவழியே இருவரும் மாறி மாறிச் சுமந்து நடந்தனர். காட்டின் நடுவில் பாறை வழுக்கி முனிராஜ் விழுந்தான். கணுக்கால் சுரைக்காயென வீங்கிற்று. எதிரே வந்த மூங்கில் வண்டியில், தலைக்குடத்தை ஒரு கையால் பற்றியவாறே, மறுகையால் மைத்துனனை ஏற்றினான் பச்சைமுத்து.

"மாமா, தூக்கம் வந்தா ஒரு கிளையில மாட்டிக்கோ. இங்க யார் பாக்கறா?"

"உங்கக்கா அங்க உப்பில்லாத கஞ்சி குடிக்கறாடா. மூடினு போ."

வண்டி மறைந்தபின்தான் தன் நிலை அவனுக்கு விளங்கிற்று. உண்ண இறக்கவேண்டும், உறங்க இறக்கவேண்டும், புதர்மறைவில் ஒதுங்கவும் இறக்கவேண்டும். காட்டில் அவன் தலையன்றி வேறு தலையில்லை. அடிவயிறு கல்லாய் இறுக, வாய்விட்டு வைதுகொண்டே நடந்தான்.

காடு முடியுமிடத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி அவனைக் கண்டு சிரித்தாள். பாஞ்சாலி என்பது அவள் பெயர்.

"என்னாய்யா தலையில, மாமியாளா? இறக்கவே மாட்டங்கறே?"

அவன் நேர்ச்சையைச் சொன்னான். அவள் கையை நீட்டினாள். காப்பில்லாதவர் தொடலாகாது என்று அவன் பின்வாங்கினான்.

"கயிறுதானே? உன்னுதுல ஒரு இழை உருவி எனக்குக் கட்டேன். அம்மா என்ன, முழம் போட்டா அளப்பா?"

இவ்வளவு எளிய வழி தனக்குத் தோன்றாமற் போனதே என்று வியந்தான் அவன். அவளே அவன் மணிக்கட்டில் பல்லால் ஓர் இழையைக் கவ்வி உருவினாள். அவன் அதை அவள் கையில் முடிந்தான்.

"மஞ்சக் கயிறு கட்றியே, வூட்ல ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான்யா!" என்று நகைத்தாள்.

"அம்மன் தலையில தண்ணி ஊத்தற வரைக்கும் அவுக்கக் கூடாது. கவிச்சி தொடக் கூடாது," என்று அவன் அவசரமாகச் சொன்னான்.

"சரி சரி, குடத்தக் குடுத்துட்டு ஓடு. மூஞ்சி பச்சையாயிப் போச்சு."

அவன் ஒதுங்கி வந்து, அவள் கட்டிவைத்திருந்த களியை உண்டு, குடத்தை மீண்டும் ஏற்றான். அவளுக்கு அன்று வேறு உணவு இருந்ததா என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

தேன்கனிக்கோட்டையை நெருங்கும் பிற்பகலில், உறக்கம் மீறிக் கால்கள் வழியின் இருகரையும் அளக்கலாயின. கரிமூட்டை ஏற்றிச் சென்ற ஒரு மாட்டுவண்டி அவனருகே நின்றது. வண்டிக்காரன் பியாரு, மூட்டைக்கும் முகத்துக்கும் நிறவேற்றுமை இல்லாதவன்.

"அரே பாய்! சாராயமா?"

"தூக்கம்."

செய்தி முழுதும் கேட்டு, தாடியைச் சொறிந்தான் பியாரு. "நான் துலுக்கன். நான் தொட்டா உங்கம்மாவுக்கு ஆகுமா?"

பச்சைமுத்து சற்றே எண்ணிப் பார்த்தான். எண்ணுதற்கும் விழிப்பு வேண்டுமே. "தெரியலீங்க. தூக்கம் வருது," என்றான்.

"அது பதிலா? சரி, கட்டு."

இழை பிரிந்தது, அதே சொற்கள் சொல்லப்பட்டன. பியாரு குடத்தை மடியில் குழந்தைபோல் அணைத்து அமர, வண்டியின் அடிநிழலில் பச்சைமுத்து அடியற்ற மரமென விழுந்தான். விழித்தபோது வெயில் தணிந்திருந்தது. தேன்கனிக்கோட்டைச் சந்தை அந்நேரம் கலைந்திருக்கும். கரி விலைபோகாமல் வண்டியிலேயே இருந்தது. பியாருவின் இருதொடையும் மரத்து, எழ முயன்று இருமுறை விழுந்தான்.

"எழுப்பக் கூடாதா?"

"எழுப்பினேன் பாய். நீ உதைச்சே."

ஓசூரும் அத்திப்பள்ளியும் கடந்து பொம்மசந்திராவின் கேழ்வரகு வயல்களை அடைந்தபோது உள்ளங்கால்கள் கொப்புளித்து உடைந்திருந்தன. கோடைமழை ஈரத்தில் உழுதுகொண்டிருந்த சின்னப்பா என்னும் கன்னட உழவர், நொண்டும் உருவைக் கண்டு ஏரை நிறுத்தினார். "கொடு இல்லி," என்று தம் கையைக் காட்டினாரேயன்றி, மேற்கொண்டு ஒன்றும் வினவவில்லை. இவன் கன்னடத்திலேயே நெறிமுறையைச் சொல்லி இழை கட்ட, அவர் சேற்றுக்காலோடு குடத்தைத் தலையிலேற்றி நின்றார். அவர் மனைவி இவன் கால்களில் விளக்கெண்ணெய் தடவிப் பழந்துணி சுற்றினாள். கண்ட மனிதனுக்காக உழவை நிறுத்துவதா என்று அவள் இடையறாது கணவரைத் திட்டியதையும் மறைப்பதற்கில்லை; திட்டிக்கொண்டேதான் தடவினாள்.

வெள்ளி உச்சிப்பொழுதில் பறை முழங்க, பச்சைமுத்து பேட்டைக்குள் நுழைந்தான். கோயில் வாயிலில் முனிராஜ் கட்டுப்போட்ட காலோடும், எல்லம்மா சுவரைப் பற்றியவாறும் நின்றனர். பெருமாள்சாமி அவன் கையை நோக்கினார். அதில் ஒற்றை இழை தொங்கிற்று.

"என்னாய்யா இது? எலி கடிச்சுதா?"

அவன் ஒளிக்காமல் சொன்னான். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "கண்டவனெல்லாம் தொட்டத அம்மா தலையில ஊத்தறதா?" என்றான் ஒருவன். எல்லம்மாவின் விரல்கள் சுவரில் இறுகின.

பெருமாள்சாமி குடத்தின் அடியை உற்றுப் பார்த்தார். "தரையில வச்சியா?"

"வைக்கல."

"மூட்டை மாத்தறப்போ எவன் தலைன்னு பாக்கறமாடா? காப்புக் கட்டின தலை, அவ்ளோதான். ஒதுங்கு." நீரை அவரே ஊற்றினார். அன்று மாலை எல்லம்மா உப்பிட்ட கஞ்சி குடித்தாள், குடித்துக்கொண்டே அழுதாள்.

ஆடி பிறந்தது. தொட்டிலில் ஒரு பெண்மகவு கைகால் உதைத்துக் கிடந்தது. அதைக் காத்தது நீரா உப்பா என்று ஆராய்தல் நம் வேலையன்று. ஒருநாள் சரக்குக் கொட்டகை வாயிலில் கரிவண்டியொன்று வந்து நின்றது. அழுக்கேறிய இழை கட்டிய கை ஒன்று பச்சைமுத்துவின் தோளைப் பற்றிற்று.

"பாய், உங்கம்மா தலையில எப்போதான் தண்ணி ஊத்துவீங்க?"

பச்சைமுத்து அக்கையைப் பிடித்து இழையைத் திருப்பிப் பார்த்தான்.

"என் தங்கச்சி நிக்காஹ்ல பிரியாணி. நான் வெறுஞ்சோறு தின்னேன். மாப்பிள்ளை வீட்டுல எனக்குப் பைத்தியம்னு முடிவே பண்ணிட்டாங்க. இப்பவாச்சும் சொல்லு, அவுக்கலாமா?"

ஊற்றும்வரை அவிழ்க்காதீர் என்று சொன்னவன், ஊற்றும் நாள் வெள்ளி என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. பேட்டையில் அது குழந்தைக்கும் தெரிந்த செய்தி. காட்டுக்கும் வயலுக்கும் தெரியாது என்பது அவனுக்குத் தோன்றவேயில்லை.

பெருமாள்சாமி கோயில் வாயிலில் பியாருவை அம்மனுக்கு எதிரே நிறுத்தி அம்முடிச்சை அவிழ்த்தார். எல்லம்மா ஆட்டுக்கறி வாங்கிக் குழம்பு வைத்தாள். பியாரு இலை வழித்து உண்டு, "எல்லாம் நல்லாருக்கு தங்கச்சி. உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி," என்றான். அவள் முதலில் சிரித்தாள். பின்னர் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் போனபின் கணவனிடம் வந்தாள்.

"நான் உப்பு தின்ன ஆரம்பிச்சு எத்தினி நாளாச்சு! அந்த ஆடு மேய்க்கறவ இன்னும் கருவாடு தொடாம குந்தினு இருப்பா. பயிர் வைக்கறவரும் அப்படித்தான். போய்ச் சொல்லிட்டு வாய்யா."

"பஸ்ல போறேன்."

"நடந்து போய்க் கட்டினதுதானே? நடந்தே போ."

மறுநாட்காலை, வெறுந்தலையோடு அவன் அவ்வழியே திரும்பி நடந்தான். சின்னப்பாவின் இழை ஏரோட்டத்தில் அறுந்திருந்தது. அறுந்ததை எறிய மனமின்றி எருதின் கொம்பில் கட்டிவைத்திருந்தார். அதை அவிழ்த்துத் தந்துவிட்டு, அவர் மனைவி முன்போலவே திட்டினாள். அஞ்செட்டிக் காட்டோரத்தில் ஆடுகளின் மணியோசையைத் தேடித் திரிந்து, ஒரு மாலைப்பொழுதில் பாஞ்சாலியைக் கண்டான். அவள் சற்று மெலிந்திருந்தாள். கையை நீட்டினாள்.

"வந்துட்டியா? பொம்பள புள்ளையா, ஆம்பளப் புள்ளையா?"

"பொண்ணு."

"இருக்குதா?"

"இருக்குது."

மழையிலும் வெயிலிலும் இறுகிப் போன அம்முடிச்சு விரலுக்கு வசப்படவில்லை. அவன் குனிந்து பல்லால் கவ்வி அவிழ்த்தான். மணிக்கட்டில் இழை கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. குடத்தின் சுமையை அவன் ஒவ்வொரு தலையிலிருந்தும் தவறாது வாங்கிக்கொண்டான். சொல்லின் சுமையை வாங்க மறந்தான். அயலார் அதை முகங்கோணாது சுமந்திருந்தனர். அவிழ்த்த இழைகளை மடியில் முடிந்துகொண்டு, இருள் சூழுமுன் அவன் பெங்களூர் நோக்கி நடக்கலானான்.