மேலக்காவின் கேபின்

சங்கு அலறியது. உருக்காலையில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கேபினில் மேலக்கா நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்து கிடந்தாள். கொக்கியில் தொங்கிய இரும்பு அச்சு மட்டும், முட்டையை வைத்ததுபோலப் பதமாகத் தரையில் அமர்ந்திருந்தது. இறக்கி வைத்த பிறகுதான் சங்கை அழுத்தியிருக்கிறாள்.

எப்போதும் உயரத்திலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பதால் அந்தப் பெயர். அந்த ஆலையில் கிரேன் ஓட்டும் ஒரே பெண்.

மறுநாள் டாக்டரம்மா கட்டிலருகே வந்து நின்றார்.

"மாரடைப்புக்குக் காரணமான ரத்தக்குழாயை நேத்தே திறந்துட்டோம். இன்னும் ரெண்டுல அடைப்பு இருக்கு. வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே சரி பண்ணலாம். சில வாரம் கழிச்சு வந்தும் பண்ணிக்கலாம். உங்க உடம்பு தாங்கும், இப்பவே பண்றது நல்லதுன்னு நான் சொல்வேன்."

"அப்புறமா வர்றேன் டாக்டர். நான் இங்கயே படுத்திருந்தா கேபினை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. சீக்கிரம் போய் தலையைக் காட்டணும்."

தையல்காரரான அவள் கணவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன்டி, கொக்கியில சுமையைத் தொங்கவிட்டுட்டு என்னைக்காவது சாப்பிட இறங்கியிருக்கியா?"

"சேச்சே! கீழ ஆளுங்க நடமாடுவாங்க. என் கையால அப்படி நடந்ததே இல்ல."

"இப்ப ரெண்டு தொங்குதே. கீழ நானும் நம்ம பொண்ணும்தான் நிக்கிறோம்."

மேலக்கா சிரித்துவிட்டாள்.

"நாள் பூரா ஊசியோட இருக்கிற மனுசன், குத்தாமப் பேசுவாரா? சரி டாக்டர், ரெண்டையும் இறக்கிட்டே போறேன்."

இரண்டும் நல்லபடியாக முடிந்த மறுநாள் கைகாட்டி வந்தான். தரையில் நின்று, கொக்கி ஏற வேண்டுமா இறங்க வேண்டுமா என்று அவளுக்குக் கையசைவில் சொல்பவன். கை ஆடாமல் அவனுக்குப் பேசவே வராது.

"அன்னைக்கு அந்த அச்சுக்கு அடியில நான் நின்னேன்க்கா. என் பொண்டாட்டி உங்களுக்குக் கும்பிடு சொல்லச் சொன்னா."

"அச்சுல கீறல் விழலியே?"

"ஒண்ணுகூட இல்ல. முதலாளியே வந்து தடவிப் பார்த்தாரு."

அவள் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பின்ன? யாரு இறக்கினது! மேஸ்திரிகிட்ட சொல்லு, எல்லாத்தையும் சுத்தமா முடிச்சுட்டேன், டாக்டர் சொன்னதும் ஏறிடுவேன்னு. அதுவரைக்கும் என் சீட்டைத் துடைச்சு வைக்கச் சொல்லு."

அவன் இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

"உங்களை ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போதே அங்க வேற ஆளை ஏத்திட்டாங்கக்கா."