மழைக்கு நின்ற படம்

மரக்காணத்தில் எங்கள் தியேட்டருக்குத் தகரக் கூரை. முதல் சொட்டு விழுந்த சத்தம் கேட்டதும், திரையில் யார் செத்துக்கொண்டிருந்தாலும் சரி, பாதிக் கூட்டம் எழுந்துவிடும். உப்பளத்தில் வாரிக் குவித்த உப்பு மழையில் கரைந்தால் பட்ட பாடெல்லாம் தண்ணீர். நாங்கள் எழுவதற்குள் முதலாளி புருஷோத்தமன் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டிருப்பார். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவாள், பின்னாலேயே நான். குவியலைக் கீற்றுப் போட்டு மூடிவிட்டுச் சேற்றுக் காலோடு திரும்பி வந்து உட்கார்ந்தால்தான் படம் மறுபடி ஓடும். அதுவும் விட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து.

ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் சண்டைக்கு வந்தார். "அவங்க ஓடிப்போனா நாங்க ஏங்க காத்திருக்கணும்?"

முதலாளி கோபப்படவில்லை. "கரைஞ்ச உப்பு திரும்பி வராதுங்க. படம் எங்க போயிடப் போவுது?" என்றார்.

அந்த வயதில் எனக்குக் கதாநாயகன் என்றால் திரையில் இருந்தவர் இல்லை, இவர்தான். இன்றைக்கும் அப்படித்தான், யார் சிரித்தாலும் எனக்குக் கவலையில்லை.

எங்கள் ஊர்த் தியேட்டரை மூடிய பிறகு அப்பா வேறு எந்தத் தியேட்டர் பக்கமும் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான்தான் அடம்பிடித்து அவரைப் புதுச்சேரியில் ஒரு மாலுக்குப் படம் பார்க்க அழைத்துப் போனேன்.

"அளத்துல உப்பு தொறந்து கெடக்குது அருளு" என்று முனகிக்கொண்டே வந்தார். மறுநாள் லாரி ஏற வேண்டிய உப்பு, இந்த வருஷத்தின் பெரிய குவியல்.

"ஒரு பொட்டு மேகம் இல்ல, சும்மா வாப்பா" என்று வாயை அடைத்தேன்.

அந்த ஏசி அரங்கில் இடியே விழுந்தாலும் கேட்காது. அப்பா கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம் முன்னால ஓடுதுப்பா" என்றேன், எரிச்சலாக. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். நானும் பின்னால் போனேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் முகம் செத்துவிட்டது. பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்வதற்குள் பாதி கரைந்துவிடும். என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. யாரையாவது கூப்பிடலாம் என்று படத்துக்காக அணைத்து வைத்திருந்த அப்பாவின் போனை வாங்கி ஆன் செய்தேன். கையில் இருக்கும்போதே அடித்தது. புருஷோத்தமன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"கலியா, காலையில டீக்கடையில சொன்னியே, பொண்ணோட சினிமாவுக்குப் போறேன்னு. மேற்கால கறுக்கும்போதே பக்கத்து அளத்துக் கொளஞ்சியையும் அவன் பசங்களையும் கூட்டிட்டுப் போயி தார்ப்பாய் போட்டு மூடிட்டேன். ஒரு கல்லு கூட கரையல."

எழுபதைத் தாண்டிய மனிதர். மூச்சு வாங்குவது போனிலேயே கேட்டது.

"மொதலாளி..." என்றார் அப்பா.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். போயி மிச்சத்தப் பாரு. அங்க உனக்காக நிறுத்தி வெக்க மாட்டாங்க."

உள்ளே போனோம். படம் எங்கேயோ போயிருந்தது. அப்பா அதன் பிறகு ஒருமுறைகூடக் கூரையைப் பார்க்கவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். சுற்றிலும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது நகைச்சுவைப் படம்.