வில்லையில் இருந்த பெயர்

துறைமுக ஆவண அறைக்கு முப்பத்தெட்டுப் படிகள். மூன்று வாரத்தில் நான்காம் முறையாக ஏறியதில் பெரியவருக்கு எண்ணிக்கை மனப்பாடம். முழங்கால்தான் இன்னும் பழகவில்லை.

அப்பாவின் நினைவுக்கல்லில் குடும்பப் பெயருக்குக் கீழே, ‘துறைமுக நிர்வாகம் தாத்தாவின் நேர்மைக்குத் தந்த பட்டம்’ என்று ஒரு வரி வெட்ட வேண்டும். தாத்தாவுக்கு முன் அந்தப் பெயர் குடும்பத்தில் கிடையாது. அது எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் பெரியவர் சொல்லிவந்த கதை இதுதான். தங்கைதான் குறுக்கே நின்றாள். “அத்தாட்சி கொண்டு வாங்கண்ணே. கல்லுல வெட்டினா அப்புறம் விழுங்க முடியாது.”

ஆவணக் காப்பாளர் வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். “பேரு இருக்குங்க. ஆனா சேர்ந்த வருஷத்தைப் பாருங்க.”

தாத்தாவுக்கு அப்போது வயது ஒன்பது.

“தப்பா எழுதியிருப்பாங்க.”

“பன்னெண்டு வருஷம் கைநாட்டு. அப்புறம் திடீர்னு கையெழுத்து.”

கையெழுத்து தாத்தாவுடையது. வால் சுழித்த அந்த எழுத்தைப் பெரியவர் எங்கும் அடையாளம் காண்பார்.

“அப்பல்லாம் மூட்டை தூக்கறவங்களுக்குப் பேரு பொறிச்ச பித்தளை வில்லை. ஒருத்தர் வேலையை விட்டு நின்னுட்டா அதையே அடுத்தவருக்கு மாட்டிடுவாங்க. புதுசு அடிக்க யாருக்குப் பொறுமை? அந்தப் பேரைக் கூப்பிட்டா உங்க தாத்தா வந்து நிக்கணும். பட்டமெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

“முன்னாடி இருந்தவர்?”

“இடுப்பு ஒடிஞ்சு போயிட்டாராம். வேற குறிப்பு இல்ல.”

வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து, ஒன்று விடாமல் தங்கையிடம் சொன்னார். மறைத்துவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்ததுதான். அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

“அப்ப இத்தனை வருஷமா நீங்க யாரோட மானத்தைக் காப்பாத்தினீங்கண்ணே?” சிரிக்கத் தொடங்கியவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

பெரியவர் கல்தச்சரிடம் தொலைபேசியில் பேசினார். “பட்டம்னு எழுதிக் கொடுத்த வரி வேண்டாம்.”

“சரிங்கய்யா. பேரு?”

தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் குனிந்து செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

“ஐயா, லைன்ல இருக்கீங்களா?”

“பேரு இருக்கட்டும்ப்பா,” என்றார் கடைசியில். “யாரோடதா இருந்தா என்ன, எங்கப்பா எண்பது வருஷம் அதைக் கெடுக்காம வச்சிருந்தார்.”