பத்து வரை தெரிந்தவள்

...இல்லை, வசனத்தில் இருக்கிற ‘விட்டுட்டு’ என்றால் உதடு இப்படி மூடிக் குவியாது, இவள் ‘மூணு’ சொல்கிறாள், இத்தனை வருஷம் இந்தக் கண்ணாடி அறைக்குள் நின்று அடுத்தவர் உதட்டைப் பார்த்தே பிழைத்தவளுக்கு இதுகூடவா தெரியாது... மூணு, நாலு, அஞ்சு. படத்தில் இவள் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த குடும்பப் பெண், புருஷன் செத்துக் கிடக்கிறான், தலைமாட்டில் உட்கார்ந்து எண்களைச் சொல்லி அழுகிறாள். கடல் தாண்டி நடிக்க வந்தவள், நம் வசனம் அவள் வாயில் நுழையவில்லை, பத்து வரைக்கும் எண்ணச் சொல்லிக்கொடுத்தார்களாம், வாய் அசைந்தால் போதும், மிச்சத்தை அக்கா பார்த்துக்கொள்வாள் என்று. யூனிட்டில் அவளுக்குப் பெயரே பத்து. அக்கா என்பது நான், அவள் வாயசைப்புக்குக் குரல் கொடுப்பவள். அவளுக்காகச் சிரித்தாயிற்று, கொஞ்சியாயிற்று, மாமியாரோடு மல்லுக்கு நின்றாயிற்று, இந்த ஒரு அழுகைதான் காலையிலிருந்து வரமாட்டேன் என்கிறது.

சவுண்டுக்காரர் ஹெட்போன் வழியாகக் காதுக்குள் மெதுவாகத்தான் சொல்கிறார், நல்ல மனுஷர், அழுகையில் ஈரம் இல்லையாம், பேப்பர் படிக்கிற மாதிரி இருக்கிறதாம். சாயங்காலம் இயக்குநர் வந்து கேட்பார், பிடிக்காவிட்டால் படம் முழுக்க வேறு குரல் போட்டுவிடுவார். வேறு குரல்... முகம்தான் இல்லை, குரலும் போய்விட்டால் அப்புறம் நான் என்று எதைச் சொல்வது? நானும் நடிக்கத்தான் வந்தேன், யாருக்கு இப்போது அது ஞாபகம் இருக்கப்போகிறது. இதே மாதிரி வேடம், நம் ஊர்ப் பெண், கணவனை இழந்தவள். தேர்வு செய்தவர் என்னை இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு என்று பார்த்துவிட்டு, “முகம் ரொம்ப நம்ம ஊர் முகமா இருக்கும்மா” என்றார். நம் ஊர்ப் பெண்ணுக்கு நம் ஊர் முகம் ஆகாது, இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், நானும் அன்றைக்குச் சிரித்துத்தான் வைத்தேன். அந்த வேடத்துக்கு வேறு தேசத்திலிருந்து ஒருத்தி வந்தாள், குரலுக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள், ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி முகம் ஒருத்தியுடையது, குரல் ஒருத்தியுடையது. அப்படியே பழகிவிட்டது. வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, எய்தவன் இருக்க அம்பை நோவானேன்.

என் படங்களை என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். தியேட்டரில் பக்கத்தில் இருப்பவர்கள் தூங்குகிறார் என்று நினைப்பார்கள், தூக்கமா அது, கதாநாயகி வாயைத் திறந்ததும் என் கையை ஒரு அமுக்கு அமுக்குவாரே. திரையில் யாரோ ஒரு அழகி, கண்ணை மூடினால் என் பெண்டாட்டி, இரண்டு படம் ஒரே டிக்கெட் என்பார், கஞ்சர்... இப்போது வீட்டில் டிவி ஓடுகிறது, என் குரல் வந்தால் நானே சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன், யார் கேட்கப்போகிறார்கள். அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே என்று நெஞ்சு வெடித்துத்தான் கத்தினேன், சத்தியமாக அது என் வாயிலிருந்து வந்த என் சொல். பின்னால் நாத்தனார் யாரிடமோ, “கேட்ட மாதிரியே இருக்குல்ல? சினிமாவுல இப்படித்தான் அழுவா” என்றாள். வேண்டுமென்று சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா, ஆனால் நானும் அந்த நொடியே என் குரலைக் கேட்டுவிட்டேன்... அவள் சொன்னது சரி, ஏதோ ஒரு படத்தில் அதே ஏற்றம், அதே இழுப்பு. வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு மூடியதுதான், அப்புறம் எனக்காக நான் அழவே இல்லை. அழுகிற காட்சி வந்தால் தொண்டை சரியில்லை என்று தட்டிக்கழித்தேன், இன்றைக்கு அந்தச் சாக்கும் செல்லவில்லை.

ஒருவழியாக வசனம் ஒட்டியது. ‘விட்டுட்டு’வை விழுங்கி, மூச்சை இழுத்து, மூக்கை உறிஞ்சி... தொழில் தெரிந்தவளுக்கு இதெல்லாம் கைவந்த வித்தை, ஈரம் மட்டும் இல்லை. பரவாயில்லை என்றார் சவுண்டுக்காரர், அந்தப் பரவாயில்லைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. கொஞ்ச நேரம் கழித்து, “அக்கா, இன்னொண்ணு குடுங்க. வசனம் வேணாம், வாய்க்கு வந்தத சொல்லி அழுங்க. கூட்டத்து சத்தத்துக்கு அடியில போட்டுக்கறேன்” என்றார். வாய்க்கு வந்தது... என்ன வரும் எனக்கு? ஐயோ என்றால் ஒரு படம், கடவுளே என்றால் ஒரு படம், என் ராசா என்றால் நாலைந்து படம், எந்தச் சொல்லை எடுத்தாலும் அதை ஏற்கெனவே யாருக்கோ கொடுத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டேன், அவர் மூடிக்கொள்வாரே, அப்படி. ஒண்ணு என்றேன். ரெண்டு. மூணு. எண்களைச் சொல்லி நான் எந்தப் படத்திலும் அழுததில்லை... நாலு, அஞ்சு, என்ன இது, குரல் என் பிடியில் இல்லையே, ஆறு, ஏழு, ஏழுக்கு மேல் போகவில்லை, மறுபடி ஒண்ணு, மறுபடி ஏழு, மைக்கைப் பிடித்திருந்த கை நனைந்துபோயிற்று.

கண்ணைத் திறந்தபோது திரை இருட்டாக இருந்தது, காட்சி எப்போதோ முடிந்திருக்கிறது. சவுண்டுக்காரர் அதை ஒரு தடவை திருப்பி ஓட்டிப் பார்த்தார். பிறகு, “நீங்க திரையப் பாக்கவே இல்லயேக்கா, எப்படி உதடு ஒட்டிச்சு? அந்தப் பொண்ணும் ஏழுக்கு மேல போகல” என்றார். இரண்டு அழுகையில் எதை வைத்துக்கொள்வார்களோ, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். ஒருநாள் இதே வராந்தாவில் அந்தப் பெண் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அவள் மொழியில் என்னவோ சொன்னாள், நிறையச் சொன்னாள், எல்லாம் புரிந்த மாதிரி நான் தலையை ஆட்டினேன், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பத்து வரை தெரிந்தவள் ஏழில் ஏன் நின்றாள்... அவள் யாருக்காக அழுதாள்?