விடுபட்ட முகாம்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு லொட்ஜின் இரவுக் காவலுக்கு இருந்தான் யோகநாதன். யாராவது கேட்டால் 'இரவு முகாமையாளர்' என்பான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியலைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவனுக்கு அந்தப் பட்டமாவது வேண்டாமா? அவன் முகாமை செய்ததெல்லாம் தண்ணீர் மோட்டரை நிறுத்துவதும், குளியலறை வாசலில் சண்டை மூண்டால் காது கேட்காதவன்போல இருப்பதும்தான்.

கொழும்பில் தங்கும் தமிழருக்குப் பொலிஸ் பதிவு வேண்டும். பதிவுக்கு ஒரு காரணம் வேண்டும். யோகநாதன் வருடக்கணக்காக எழுதிவந்த காரணம் 'வெளிநாடு செல்வதற்கு'. அனுப்புகிறேன் என்ற ஏஜென்ட், அனுப்ப வேண்டியவர்களை விட்டுவிட்டுத் தானே வெளிநாடு போய்ச் சேர்ந்துவிட்டான். சோதனைக்கு வரும் பொலிஸ்காரருக்கே அலுத்துப்போயிற்று.

"மல்லி, தாம கியே நெத்த?" என்றார். தம்பி, இன்னும் போகவில்லையா என்ற அந்தச் சிங்கள விசாரிப்பில் கொஞ்சம் அனுதாபம்கூட இருந்தது. ஆனால் மாத முடிவுக்குள் வேறு காரணம் காட்டாவிட்டால் பதிவு கிடையாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

லொட்ஜ் முதலாளி பொன்னம்பலம் சுற்றிவளைக்கவில்லை. "பதிவில்லாத ஆளை நான் வச்சிருக்கேலாது தம்பி. என்னையும் சேர்த்து ஏத்திக்கொண்டு போவாங்கள். நீ வவுனியாவுக்குப் போ. அங்க அகதி முகாமில சாப்பாடு குடுக்கிறாங்களாம்."

"அங்க உள்ள போனா வெளிய வரப் பாஸ் எடுக்க வேணும் அண்ணை."

"வெளிய வந்து நீ என்னத்தைப் புடுங்கப் போறாய்?"

நியாயமான கேள்வி. யோகநாதன் அன்றிரவு முழுவதும் யோசித்தும் பதில் கிடைக்கவில்லை. பேப்பரில் ஒரு விளம்பரம்தான் கிடைத்தது: 'சர்வதேசத் தொண்டு நிறுவனத்துக்கு முகாமைத்துவ நிபுணர் தேவை.' தனியார் டியூட்டரி ஒன்றில் மாலை நேரத்தில் படித்த ஹோட்டல் முகாமைத்துவ டிப்ளோமா அவனிடம் இருந்தது. அதைப் படித்தவனை நிபுணன் என்று சொல்லலாமா என்று மனச்சாட்சி கேட்டது. மனச்சாட்சிக்குப் பொலிஸ் பதிவு தேவையில்லை, அது எதையும் கேட்கும்.

இரவு வேலை முடிந்த கையோடு, பொன்னம்பலத்தின் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினான். நிறுவனத்தின் அலுவலகம் ஒரு மாடிவீட்டில் இருந்தது. காத்திருந்தவர்கள் எல்லோரும் வங்கியில் வேலை பார்ப்பவர்கள்போல நேராக உட்கார்ந்திருந்தார்கள். யோகநாதனும் நேராகத்தான் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் தூங்கிப்போனான்.

யாரோ தோளைத் தட்ட, விழித்துப் பார்த்தான். கதிரைகள் காலியாக இருந்தன. அங்கே அதிகாரியாக இருந்த நேசமலர் முன்னால் நின்றாள்.

"வேலை வவுனியாவில எண்டு சொன்னதும் எல்லாரும் எழும்பிப் போட்டினம். நீங்கள் மட்டும்தான் அசையேல்லை."

யோகநாதன் கடைவாயைத் துடைத்துக்கொண்டு, அசையாதவனின் முகத்தை வைத்துக்கொண்டான்.

உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். அவள்தான் தலைவி. நேசமலர் தமிழில் தொடங்கினாள்.

"முகாம் முகாமைத்துவத்தில என்ன அனுபவம்?"

பாவம், திக்குவாய் என்று யோகநாதன் நினைத்தான். "முகாமைத்துவத்தில டிப்ளோமா இருக்கு மிஸ்."

"முகாம் முகாமைத்துவத்தில?"

"ஆறுதலாச் சொல்லுங்கோ மிஸ். எனக்கு அவசரமில்லை."

நேசமலர் அவனைப் பார்த்தாள். பிறகு மேசையில் கிடந்த பேப்பரை எடுத்து விளம்பரத்தைப் பார்த்தாள். "அட கடவுளே! 'முகாம் முகாமைத்துவம்' எண்டு குடுத்ததில ஒரு சொல்லு ரெண்டு தரம் வந்திட்டுதெண்டு நினைச்சுப் பேப்பர்காரர் ஒண்டை வெட்டிப்போட்டாங்கள். தம்பி, எங்களுக்குத் தேவை அகதி முகாமை நடத்துற ஆள்."

எந்த முகாமுக்குள் போகாமலிருக்கக் கழுத்துப்பட்டி இரவல் வாங்கினானோ, அதே முகாம். யோகநாதனுக்கு ஓடவும் தெரியவில்லை, சிரிக்கவும் தெரியவில்லை.

வெள்ளைக்காரி விஷயம் விளங்கியதும் சிரித்தாள். இதுவரை எதை நடத்தினாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். லொட்ஜ் என்றான். அறைகள் போதுமா? போதாது. தண்ணீர்? காலையில், சில நாட்களில். முறைப்பாடுகள்? எப்போதும். அதற்கு என்ன செய்தாய்?

"நத்திங்," என்றான். பொய் சொல்லும் அளவுக்கு ஆங்கிலம் வரவில்லை.

இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். நேசமலர் திரும்பினாள். "வேற ஆளும் இல்லை. வாறீங்களோ?"

"நானும் உள்ளுக்கை இருக்க வேணுமோ மிஸ்? வெளிய வரலாமோ?"

"உங்களுக்கென்ன, அடையாள அட்டை தருவம். நீங்கள் நிபுணர் எல்லோ. உள்ளுக்கிருக்கிற சனம்தான் பாவம். வெளிய போறதுக்குக் காரணம் எழுதி உங்களிட்டத் தருவினம். நீங்கள் பார்த்து, வாசல்ல காவலுக்கு நிக்கிற ஆமிக்கு அனுப்ப வேணும்."

"காரணம் சரியில்லையெண்டா?"

"ஆமி விடாது."

"அப்ப அவைக்குக் காரணத்தை நானே எழுதிக் குடுக்கலாமோ?"

"அப்பிடி ஒரு சட்டமும் இல்லை. ஆனா பொலிஸ், ஆமி நம்புற மாதிரி எழுதத் தெரிய வேணும்."

முகாமைத்துவம் யோகநாதனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் போகாத வெளிநாட்டுக்கு வருடக்கணக்காகப் பொலிஸ் பதிவில் போய்க்கொண்டிருந்தவன் அவன்.

"அது தெரியும் மிஸ்," என்று சொல்லி அடையாள அட்டைக்குக் கையை நீட்டினான்.