கதாநாயகியை இளைக்க வைக்காதே

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் தங்கையிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டாள்.

“எழுதிக்கோ. ஆனா கதைல என்னை இளைக்க வைக்கக் கூடாது.”

“சே, நான் ஏன்டி அப்படிப் பண்ணப்போறேன்?”

“எல்லாரும் பண்ணுவாங்கக்கா. குண்டா இருக்கறவ கதைன்னா, நாலாவது பக்கத்துல அவ வாக்கிங் கிளம்பிடுவா.”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் எழுதியவளுக்கு இதுகூடவா தெரியாது?

2

முதல் தொடக்கம்: அவள் கண்ணாடி முன்னால் நின்று பெருமூச்சு —

(அடித்துவிட்டேன். என் தங்கை டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அவள் அடிக்கடி கண்ணாடி பார்ப்பது, பின்னால் லாரி வருகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான்.)

இரண்டாவது: காலை வெயிலில் பூங்காவை வேகவேகமாகச் சுற்றிக்கொண்டிருந்த அவள் —

(பார்த்தீர்களா? நாலாவது பக்கம் வரைக்கும்கூட எனக்குப் பொறுமை இல்லை.)

மூன்றாவது: கொஞ்சம் பூசினாற்போல இருந்தாலும் அவள் —

இதை எழுதும்போது பின்னால் நின்று படித்துவிட்டாள்.

“பூசினாப்லயா? நான் என்ன சுவரா? குண்டுன்னு எழுதேன். அப்புறம் அந்த ‘இருந்தாலும்’ எதுக்கு?”

சரி. அவள் குண்டு. முற்றுப்புள்ளி. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் நடுரோட்டில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாலும் பதற மாட்டாள். தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டு, “சரி, இப்ப கண்ணைத் திறந்துட்டு மறுபடி எடுங்க” என்பாள். அவ்வளவு தைரியசாலிக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. அதற்கு இப்போது வருகிறேன்.

3

முதலில் இறக்கிய டேட்டிங் ஆப்பில் கழுத்து வரைக்கும் தெரிகிற படத்தைப் போட்டாள். முகம் களையான முகம், கேட்கவா வேண்டும்? ஒருவன் உருகி உருகிப் பேசி, காபிக் கடைக்கு வரச் சொன்னான். கடை வாசல் வரைக்கும் வந்தான். கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்தான். அடிக்காத ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே திரும்பி நடந்துவிட்டான்.

இதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது. அவளும் அன்றைக்கு அழுதிருப்பாள், ஆனால் எனக்குக் காட்டவில்லை.

(இங்கே ஒரு மழை வைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அன்றைக்கு நல்ல வெயில்.)

அடுத்தது, பருமனான பெண்களுக்கென்றே ஒரு ஆப். நம்பிப் போனாள். அங்கே வணக்கம் சொல்வதற்கு முன்பே, “எத்தனை கிலோ?” என்றார்கள். “தக்காளி விசாரிக்கற மாதிரி விசாரிக்கறான்கா” என்று அதையும் அழித்தாள். ஒரு இடத்தில் உடம்பு தெரிந்ததும் ஓடினார்கள், இன்னொரு இடத்தில் உடம்பைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

மூன்றாவது ஆப்பில் முழு உருவப் படம் போட்டாள். டிரைவிங் ஸ்கூல் காரின் பக்கத்தில், இடுப்பில் கை வைத்தபடி, தலை முதல் செருப்பு வரை.

“வாசல் வரைக்கும் வந்து பார்த்துட்டுத் திரும்பறவன், ஃபோன்லயே பார்த்துட்டுத் திரும்பட்டும்” என்றாள்.

அந்தக் கதவுதான் அவளுடைய பயம். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தன்னைப் பார்க்கிறவன் உள்ளே வருவானா என்பதுதான் இந்தக் கதையும்.

4

நாயகன் வருகிறார். பல்செட்டு செய்கிறவர். அவர் போட்டிருந்த படத்தில் அவர் சிரிக்கவில்லை, கையில் இருந்த பல்செட்டு சிரித்தது. (இப்படி ஒருத்தரை நானாகக் கற்பனை செய்திருந்தால் நீங்களே நம்ப மாட்டீர்கள். எனக்கும் சந்தேகம்தான்.)

அவர் அனுப்பிய முதல் செய்தி:

“படம் நல்லா இருக்கு. டயரை மட்டும் கொஞ்சம் கவனிங்க.”

டயர்! நம் ஊரில்* இடுப்புச் சதைக்கு என்ன பட்டப்பெயர் என்று உங்களுக்குத் தெரியும். தங்கைக்கு முகம் சிவந்தது. “உங்க வாயைக் கொஞ்சம் கவனிங்க” என்று பதில் போட்டாள், பிளாக் செய்தாள், ஃபோனைத் தலையணைக்கு அடியில் திணித்தாள்.

(* எந்த ஊர் என்று கேட்காதீர்கள். இந்தக் கிண்டல் இல்லாத ஊர் இருந்தால் சொல்லுங்கள், குடிபோகலாம்.)

மறுநாள் காலை, புதிதாகச் சேர்ந்த வங்கி மேனேஜர் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. “நான் ஒண்ணுமே பண்ணல மேடம்” என்று அவர் பதறினார். தங்கை இறங்கிப் பார்த்தாள். பின் டயரில் காற்றே இல்லை. நின்ற இடத்திலேயே ஃபோனை எடுத்துத் தன் படத்தைப் பெரிதாக்கினாள். அதிலும் அந்த டயர் பாதி சப்பிப்போய்த்தான் இருந்தது.

பிளாக்கை எடுத்தாள்.

“மன்னிச்சுக்கோங்க. நீங்க சொன்னது கார் டயரையா?”

“ஆமா. வேற எந்த டயர்?”

கொஞ்ச நேரம் கழித்து அவருக்கே உறைத்துவிட்டது.

“ஐயையோ!”

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து: “உங்களையும் பார்த்தேன். என்ன சொல்றதுன்னு தெரியல. அதான் டயரைச் சொன்னேன்.”

இதை எனக்குப் படித்துக்காட்டும்போது அவள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. (இந்த வாக்கியத்தை எடுக்கப்போனேன். “இருக்கட்டும், ஆடத்தான் செஞ்சுது” என்றாள்.)

5

அவர் ஒரு காபிக் கடையைச் சொன்னார். இவள் அந்தக் கடை வாசலில் பாவம் அந்த மேனேஜரை மறுபடி மறுபடி பார்க்கிங் பழக வைத்தாள். அவர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட, இவள் ஜன்னல் வழியாக உள்ளே நாற்காலிகளைப் பார்த்தாள். எல்லாம் கை வைத்த நாற்காலிகள். அதில் உட்கார்ந்தால், எழும்போது நாற்காலியும் கூடவே எழுந்து வரும். எனக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு கடைக்குள் நுழையும் முன் நாற்காலியை யோசித்ததே இல்லை நான்.

தலைவலி என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். பிறகு உள்ளதை உள்ளபடி அனுப்பினாள்: “அந்தக் கடை நாற்காலி எனக்குப் பத்தாது. வேற இடம் பார்க்கலாமா?”

பதில் வரவே இல்லை. சாயங்காலம் ஒரு படம் வந்தது. வேறு கடை, சுவரோரம் நீள மர பெஞ்சு.

“கை கிடையாது. உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தேன். ஆடல. டீ சுமார்தான்.”

6

முடிவுகள்.

அ) கதவைத் திறக்காமலே அவர் திரும்பி — (என்னால் முடியாது. ஒருமுறை நடந்தது போதும்.)

ஆ) மேளதாளத்தோடு — (அவசரப்படாதே, முதலில் டீ வரட்டும்.)

இ) யாரும் வேண்டாம், தனக்குத் தானே போதும் என்று உணர்ந்து அவள் தனியாகப் புன்னகை — “நானே போதும்னா எதுக்குக்கா மூணு ஆப்பை இறக்கினேன்?”

உண்மையில் என்ன நடந்தது? அவள் போனாள், வந்தாள். எவ்வளவு துருவிக் கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

“நான் குடுத்த கதை கதவு வரைக்கும்தான். அப்புறம் நடந்தது எனக்கு.”

ஆகவே, கதவு வரைக்கும். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், வாசலைப் பார்த்தபடி. வெளியே ஒருவர் வந்து நிற்கிறார். கண்ணாடி வழியாக அவளைப் பார்க்கிறார். அவர் கை கதவை நோக்கியும் போகலாம், சட்டைப் பையில் இருக்கும் ஃபோனை நோக்கியும் போகலாம். அந்தக் கையை உங்களிடம் விடுகிறேன்.

ஒரு வேண்டுகோள். இப்போது உங்கள் மனதில் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவளை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். வழியில் எங்கேயாவது, அவள் சிரித்தபோதோ துணிச்சலாக உண்மையைச் சொன்னபோதோ, உங்களை அறியாமல் கொஞ்சம் இளைக்க வைத்திருப்பீர்கள். நானும் செய்தேன்.

அவளைப் பழையபடி ஆக்கிவிடுங்கள். அதற்கப்புறம் கதவைத் திறங்கள்.