அடங்காத அடிச்சுரம்

ரோஷ்வால் நகர மண்டபத்தில் ஓர் அக்டோபர் சனிக்கிழமை மாலை ஊதிய சாக்ஸபோன் சுரம் ஒன்று இன்னும் அடங்கவில்லை. அங்கே இருக்கிற கறுப்புப் பியானோவுக்குள் அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருக்கிறது. கல்யாணத்தைப் பதிவு செய்ய வருகிறவர்களும் வரி கட்ட வருகிறவர்களும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து வாயைப் பிளக்கும்போது எங்களுக்கு எரிச்சலாக வரும். ஊரென்றால் ஏதாவது ஒரு சத்தம் இருக்கத்தான் செய்யும். எங்களுக்கு ஆறாத விஷயம் வேறு. அந்தச் சுரம் அடங்காததால் ஜோஸ்யான் ஃபிவே, போர்தோ நகரத்துக்குப் போக மூட்டை கட்டி வைத்தவள், அந்த மேடையை விட்டு இறங்க முடியாமல் ஒரு குளிர்காலம் முழுக்க நின்றாள்.

ஜோஸ்யான் சாக்ஸபோன் வாசிப்பவள். அவள் புருஷன் அர்மான் பியானோ. உயிரோடிருக்கிற இசையமைப்பாளர்கள் எழுதுகிற, மற்றவர்கள் தொடப் பயப்படுகிற உருப்படிகளாகத் தேடிப் பிடித்து வாசிப்பார்கள். அவள் நாக்கால் பட்டென்று அடிப்பாள், சுரமே இல்லாமல் வெறும் மூச்சை ஊதுவாள், ஒரே ஊதலில் மூன்று சுரத்தைப் பிளந்து காட்டுவாள். அவன் கட்டைகளை விட்டுவிட்டுப் பியானோவுக்குள் கையை விட்டுத் தந்திகளைச் சுண்டுவான். எங்கள் ஊரில் இதெல்லாம் யாருக்கும் புதிதில்லை. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் சாக்ஸபோன் வாரம் நடக்கிற ஊர் இது. கசாப்புக்கடை நெஸ்தோர் தொத்திறைச்சியை நறுக்கிக்கொண்டே, நேற்று அடித்த நாக்கடி சுத்தமாக விழுந்ததா இல்லையா என்று உங்களிடம் சண்டைக்கு வருவான். மேடையில் ஃபிவே தம்பதிக்கு ஒரே மூச்சு. மேடையை விட்டு இறங்கினால் ‘உப்பை எடு’ என்பதற்கு மேல் பேச்சில்லை. நடுவில் வேறு ஆணுமில்லை, பெண்ணுமில்லை. பேச்சு வற்றிவிட்டது, அவ்வளவுதான். பிரிந்துவிடலாம் என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தார்கள். வீட்டை விற்றாயிற்று. ஜோஸ்யானுக்குப் போர்தோ இசைப்பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமைக் கச்சேரிதான் கடைசி. அது முடிந்ததும் அவள் நாமூர் போகிற ரயிலைப் பிடித்து, அங்கிருந்து போர்தோவுக்கு மாற வேண்டும். இருவருடைய பெட்டிகளும் ஒப்பனை அறையில் தனித்தனி மூலையில் இருந்தன.

கடைசி உருப்படி எங்கள் ஊர்க் கிழவர் வோத்தலே எழுதியது. அதன் முடிவில் சாக்ஸபோன்காரர் குனிந்து, கருவியின் வாயைத் திறந்த பியானோவுக்குள் நுழைத்து, இருப்பதிலேயே தாழ்ந்த சுரத்தை ஊத வேண்டும். பியானோக்காரர் பெடலை மிதித்து, தந்திகளை அடக்குகிற தடைக்கட்டைகளைத் தூக்கிப் பிடித்திருப்பார். தந்திகளெல்லாம் தடையில்லாமல் கிடப்பதால் அந்தச் சுரத்தை வாங்கித் திருப்பிச் சொல்லும். கீழே கிழவர் எழுதியிருந்தார்: ஒலி முற்றிலும் அடங்கும்வரை பெடலை விடக் கூடாது, அதுவரை யாரும் அசையக் கூடாது. வழக்கமாக அது ஒரு வாய் பீர் குடிக்கிற நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் அந்த ஒரு வாய் நேரம் ஜோஸ்யானுக்குக் கோயில் மாதிரி. அவசரப்பட்டுக் கைதட்டிய நகரத் தலைவரை மேடையிலிருந்தே திட்டியவள் அவள். நாமூரில் இருமிய ஒருவரை அவர் எழுந்து வெளியே போகிறவரை முறைத்திருக்கிறாள். கிழவர் எழுதிய அந்த வரியின் கீழே சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு போட்டு வைத்திருந்ததும் அவளேதான்.

அன்று ஊதினாள். தந்திகள் வாங்கிக்கொண்டன. சுரம் கொஞ்சம் தணிந்தது, ஓர் அளவுக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜோஸ்யான் குனிந்த நிலையிலேயே, உதடு அசையாமல் பேசினாள். முன்வரிசைக்குக் கேட்டது.

“காலை எடு, அர்மான்.”

“எப்படி எடுக்கிறது? இன்னும் கேக்குதே.”

“வேணும்னே செய்யுற நீ.”

“நான் என்னத்தைச் செய்யுறேன்? மிதிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். சிவப்பு பென்சில்ல கோடு போட்டது நானா?”

பாலத்துக்கு அந்தப் பக்கம் ரயில் கூவிவிட்டுப் போனது. அவள் முகம் சுருங்கியதை எல்லோரும் பார்த்தோம். ரொட்டிக்கடை ரெமிதான் முதலில் எழுந்தவன். மாவு புளித்துப் பொங்கிவிடும் என்று, காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி வெளியேறினான். அவன் பின்னால் ஒவ்வொருவராகப் போனோம், யாரும் கைதட்டவில்லை. முடியாத உருப்படிக்கு எங்கள் ஊரில் யார் கைதட்டுவார்கள்? வோத்தலே கிழவர் மட்டும் விடிகிறவரை முன்வரிசையில் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். மனிதர் எவ்வளவு பூரித்துப் போயிருக்கிறார் பார் என்று பேசிக்கொண்டோம்.

அதற்குப் பிறகு ஊரில் எதுவும் முடியவில்லை. உருப்படி முடியாததால்தான் என்று நாங்கள் உடனே புரிந்துகொண்டோம், விவாதிக்க ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை, பாதிரியார் பிரசங்கத்தின் கடைசி வாக்கியத்தைத் தேடிக்கொண்டே மதிய உணவு நேரத்தைத் தாண்டினார். சூப் கிண்ணத்தின் அடியில் எப்போதும் இன்னும் இரண்டு கரண்டி மிச்சமிருந்தது. கால்பந்து ஆட்டம் சமனிலேயே நின்று, விளையாட்டு வீரர்கள் இருட்டிய பிறகு சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள். பின்னல் போட்டவர்களின் கழுத்துப்பட்டி ஆற்றுக்கு அந்தக் கரை எட்டும்போல நீண்டது. உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் தெருவில் நடந்தார்கள். மேஜைமேல் வைத்த கரண்டிகள் அதிர்ந்து அதிர்ந்து மண்டபத்துப் பக்கமாக நகர்ந்தன. தொட்டதற்கெல்லாம் எல்லோருக்கும் கோபம் வந்தது. ரெமியின் மனைவி சபீனுக்குத்தான் பெரிய அவஸ்தை. நவம்பர் தொடக்கத்தில் பிறக்க வேண்டிய குழந்தை கிறிஸ்துமஸ் தாண்டியும் வயிற்றிலேயே இருந்தது. நாமூரிலிருந்து வந்த மருத்துவர் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, குழந்தை நன்றாக இருக்கிறது, வெளியே வர அதற்கு அவசரமில்லை என்று சொல்லிவிட்டு ஒரு காப்பி குடித்துப் போனார்.

நகரத் தலைவர் வோத்தலே வீட்டுக்கே போய், பெடலை விட்டுவிடச் சொல்லலாமா என்று கேட்டார். கிழவர் அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு விரலை உயர்த்தி, “அடங்குற வரைக்கும்” என்றார். எழுதியவரே சொன்ன பிறகு யார் என்ன செய்ய முடியும்?

மேடையில் இருவரும் குடித்தனம் நடத்தினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அர்மான் பியானோ முக்காலியை விட்டு எழ முடியாது. அதனால் ஜோஸ்யான் ஒப்பனை அறையில் ஓர் அடுப்பை வைத்துச் சமைத்து அவனுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. முடி வெட்டுகிறவர் மேடைக்கே வந்தார். மற்ற வேலைகளுக்குத் தீயணைப்புக்காரர்கள் ஆஸ்பத்திரிப் பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அப்போது திரையை இழுத்துவிடுவார்கள். போர்தோவில் ஈஸ்டர்வரை காத்திருப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் வராவிட்டால் வேறு ஆள். ஜோஸ்யான் தினமும் பெட்டியைத் திறந்து துணிகளை மடித்து வைத்து மூடினாள். அவள் நினைத்திருந்தால் இறங்கிப் போயிருக்கலாம், யார் தடுத்தது? ஆனால் வாழ்நாள் முழுக்க ஊரார் அசைந்ததற்கு ஊராரைத் திட்டியவளுக்கு, சுரம் அடங்குமுன் தானே மண்டபத்தை விட்டுப் போனால் மானம் போகும்போல இருந்தது. அதனால் அவனைத் திட்டினாள். என்னைப் பிடித்து வைக்கத்தான் இந்தக் காலை வைத்திருக்கிறாய் என்று சொன்னாள். அவன் இல்லை என்றான். அவள் நம்பவில்லை. நாங்களும்தான் நம்பவில்லை.

பிப்ரவரியில் ஒரு பிற்பகல் அர்மானுக்குக் காலில் கெண்டைச்சதை பிடித்து இழுத்தது. பல்லைக் கடித்துப் பார்த்தான், முடியவில்லை, பாதம் நழுவியது. அதைப் பார்த்த துப்புரவுக்காரர் ஃபிர்மேன் சொன்னது இது. பியானோ பக்கத்தில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த ஜோஸ்யான், கத்தியைப் போட்டுவிட்டு, பெரிய மனுஷி என்றும் பாராமல் தரையில் பாய்ந்து விழுந்து, பெடல் மேலே எழும்புவதற்குள் இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்தாள். அர்மான் காலைத் தேய்த்துக்கொண்டே அவளைக் குனிந்து பார்த்தான்.

“விட்டிருந்தா இந்நேரம் ஸ்டேஷன்ல இருந்திருப்பே.”

“தெரியும்.”

“அப்புறம் ஏன்டீ பிடிச்சே?”

“கேக்குதேய்யா இன்னும்!” என்று தரையிலிருந்தே கத்தினாள். “கேக்கும்போது எப்படி விடுறது?”

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஃபிர்மேன் துடைப்பத்தோடு ஓடிவந்து இதை மதுக்கடையில் சொன்னபோது, ஊரில் பாதிப் பேர் இனி இவர்கள் பிரியமாட்டார்கள் என்று அடித்துச் சொன்னார்கள். அன்றிலிருந்து இருவரும் முறை வைத்து மிதித்தார்கள். மிதிக்காதவர் சமைத்தார். அர்மானுக்குக் கசப்புக்கீரை பிடிக்காது என்பது இத்தனை வருஷம் கழித்து அவளுக்குத் தெரியவந்தது. “அப்ப இத்தனை நாளும் ஏன் தின்னே?” என்று கேட்டாள். “நீ கேக்கலையே” என்றான். மண்டப ஜன்னலுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனால் அவள் பெட்டியில் துணி மடித்து வைப்பதை ஒரு நாளும் நிறுத்தவில்லை. போகத்தான் போகிறேன் என்றாள். போ, யார் வேண்டாம் என்றது என்றான். முன்பு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னதை இப்போது முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் சபீன் பொறுமை இழந்தாள். வயிற்றை இரு கையாலும் தாங்கிக்கொண்டு, படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி, வோத்தலே கிழவரின் மாடிக்கு ஏறினாள். கிழவர் கிறிஸ்துமஸிலிருந்து படுத்த படுக்கை. அவருக்கும் போக வேண்டிய வேளை வந்து, போக முடியாமல் கிடந்தார். சபீன் வாசலில் நின்றபடியே கத்தினாள். கிழவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் போய் முகத்துக்கு நேராகக் கத்தியபோதுதான் திரும்பினார். அவளுடைய உதடுகளைப் பார்த்தார். சபீன் நிறுத்தினாள்.

“பெரியவரே, உங்களுக்குக் காது கேக்காதா?”

கிழவர் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். “யார்கிட்டயும் சொல்லிடாதே தாயி. பாட்டெழுதுறவனுக்குக் காதில்லைன்னா ஊரு சிரிக்கும். எல்லாரும் தட்டும்போது நானும் தட்டுவேன். இத்தனை வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன். அன்னைக்கு யாருமே தட்டல. அதான் உக்காந்திருந்தேன்.”

“மேயர் வந்து கேட்டாரே?”

“அவன் மீசையில உதடு எங்க தெரியுது?”

சபீனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உதட்டை நன்றாக அசைத்து, அக்டோபரிலிருந்து நடந்ததையெல்லாம் அவருக்குச் சொன்னாள். கேட்டு முடித்ததும் கிழவர், “எனக்கு அது எப்பவோ முடிஞ்சுடுச்சும்மா” என்றார். “என்னைத் தூக்கிட்டுப் போங்க.”

ரெமியும் நெஸ்தோரும் அவரை நாற்காலியோடு தூக்கிவந்து முன்வரிசையில் வைத்தார்கள். ஊரே பின்னால் வந்து, அக்டோபரில் உட்கார்ந்த அதே இருக்கைகளில் உட்கார்ந்தது. ஜோஸ்யான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, சாக்ஸபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பியானோ பக்கத்தில் நின்றாள். அர்மான் மிதித்துக்கொண்டிருந்தான். சுரம் ஒலித்துக்கொண்டிருந்தது. கிழவர் அந்த நிசப்தத்தை, அவருக்கு மட்டும் கேட்ட நிசப்தத்தை, சற்று நேரம் அனுபவித்துவிட்டுக் கைதட்டினார். முதல்முறையாக வேறு யாருக்கும் முன்னால், தனியாக, காய்ந்த உள்ளங்கைகளால் தட்டினார். ஜோஸ்யான் அவரை முறைக்கவில்லை. அப்புறம் நாங்கள் தட்டினோம். ஒரு குளிர்காலத்துக் கைதட்டல் அது. கூரையிலிருந்து தூசி கொட்டியது. பாதிரியார் எழுந்து நின்று ‘ஆமென்’ என்று கத்தினார்.

அர்மான் காலை எடுத்தான். பியானோவுக்குள் தடைக்கட்டைகள் வரிசையாகத் தந்திகள்மேல் உட்கார்ந்ததை முன்வரிசை கண்ணால் பார்த்தது. சுரம் ஒரு நூல்கூட இறங்கவில்லை. இருவரும் கைகோத்துக் குனிந்து வணங்கி நிமிர்ந்தார்கள்; அப்போதும் ஒலித்தது. ஜோஸ்யான் குனிந்து அவன் பாதத்தைப் பார்த்தாள். அது பெடலை விட்டுத் தள்ளி, தரையில் கிடந்தது.

“அப்ப நீ என்னைப் பிடிச்சு வைக்கல.”

“அதைத்தானே அக்டோபர்லேருந்து சொல்றேன்.”

“நான் நம்பல.”

“தெரியும்.”

அவள் அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். சாக்ஸபோனைக் கழற்றி, துடைத்து, பெட்டியில் வைத்தாள். அவன் அவளுடைய துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடி நிலையம்வரை போனான். இத்தனை மாதம் மிதித்த கால் அவன் சொன்னபடி கேட்கவில்லை. ரயில் வருகிறவரை இருவரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள், என்ன பேசினார்களென்று தெரியாது. ரயில் வந்தது, அவள் ஏறினாள், போய்விட்டாள். பிரியமாட்டார்கள் என்று அடித்துச் சொன்னவர்கள் மதுக்கடையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் மனசு கேட்கவில்லை, அதை மறைப்பானேன். ரயில் நாமூரைத் தொடுவதற்குள் சபீனுக்குப் பெண் குழந்தை பிறந்தது, வரும்போதே இரண்டு பல். அந்த வாரமே வோத்தலே கிழவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். சூப் கிண்ணம் காலியானது.

அர்மான் இப்போது மருந்துக்கடை மாடியில் இருக்கிறான். பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுக்கிறான், கசப்புக்கீரை வாங்குவதில்லை. சில ஞாயிறுகளில் மண்டபத்துத் தொலைபேசி அடிக்கும். யார் எடுத்தாலும் அவனைக் கூப்பிட ஆள் அனுப்புவோம், அவன் நொண்டிக்கொண்டு வருவான். அந்தப் பக்கம் அவள் கேட்பாள், “கேக்குதா?” இவன் தொலைபேசியைப் பியானோ பக்கமாக நீட்டிப் பிடித்துவிட்டு, “கேக்குது” என்பான். “சுதி எறங்கலையே?” “இல்ல.” “சரி” என்று வைத்துவிடுவாள். அவ்வளவுதான் பேச்சு.

மண்டபத்தை ஒட்டிய தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரம் தூக்கமில்லாமல் தவித்து, சுவருக்குள் தண்ணீர்க் குழாய் அதிர்கிறது என்று ஆளைக் கூப்பிடுவார்கள். குழாய்க்காரர் வந்து, மரியாதைக்காகச் சுவரில் காதை வைத்துக் கேட்பார். “இது குழாய் இல்லீங்க, அர்மானும் ஜோஸ்யானும்” என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.